செட்டை மாற்றும் முன் ஒயரை அளந்து பாருங்கள்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விளங்கும். திசையன்விளையில் 2013 மாடல் சின்ன கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறீர்கள். முன்பு வைத்திருந்தவர் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ செட், நாலு சேனல் ஆம்ப்ளிஃபையர் (ஆம்ப்), டிக்கியில் பேஸ் சத்தத்துக்கு ஒரு சப் ஊஃபர் போட்டிருக்கிறார். முன் கதவு ஸ்பீக்கர்களும் சப்பும் ஆம்ப்பிலிருந்து ஓடுகின்றன, பின் கதவு ஸ்பீக்கர் இரண்டும் நேரே செட்டிலிருந்து. கோளாறு நாலு. வண்டி ஸ்டார்ட்டில் இருக்கும்போது கொசு பாடுவது மாதிரி ஓர் இரைச்சல், ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. வால்யூமைக் கூட்டினால் செட் அணைந்து மறுபடி உயிர் வருகிறது. நாலு நாள் வண்டியை எடுக்காவிட்டால் செல்ஃப் அடிப்பதில்லை. பின் இடது கதவில் கரகரப்பு. இரண்டு கடைகளிலும் செட்டை மாற்றச் சொல்லிவிட்டார்கள். மாற்றத்தான் வேண்டுமா, இல்லை ஒயரிங்கை வீட்டிலேயே புதிதாக இழுத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம், அண்ணாச்சி. நீங்கள் சொன்ன நாலுமே ஒயரில் வரும் கோளாறுகள். செட்டுக்குள் ஏதாவது இருந்தாலும் இரைச்சல் விஷயத்தில் மட்டும்தான் இருக்கும், அதுவும் ஒரு மெல்லிய செம்புக் கோடு எரிந்ததோடு சரி. இதே ஒயரிங்கில் புது செட்டை மாட்டினால் அதுவும் அணைந்து அணைந்து எரியும். ஒயரிங்கை நீங்களே செய்யலாம், இரண்டு நாள் வேலை. ஆனால் ஒரு ஒயரைக்கூட வெட்டுவதற்கு முன்னால் அளந்து பார்க்க வேண்டும். அளக்காமல் இழுக்கிற புது ஒயரிங்கில் பழைய தப்பு அப்படியே திரும்ப வந்து உட்காரும்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று, அதில் 10 ஆம்பியர் அளக்கும் துளை இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த 5 மீட்டர் ஒற்றை ஒயர் ஒன்று. பேட்டரியிலிருந்து டேஷ்போர்டு வரைக்கும் மீட்டரின் கால் எட்டாது, இந்த நீள ஒயர் இல்லாவிட்டால் கீழே சொல்லப்போகிற முக்கியமான அளவை எடுக்கவே முடியாது. பிறகு 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று.

முதலில் பேட்டரி. ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் அளந்தால் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 11.8-க்குக் கீழே என்றால் காலி. செல்ஃப் அடிக்கிற நேரத்தில் 9.6-க்குக் கீழே விழக்கூடாது. ஸ்டார்ட் ஆனபின் 13.8 முதல் 14.4 வரை நிற்க வேண்டும். ஹெட்லைட், ஏசி, பாட்டு மூன்றையும் போட்டபின் 13.2-க்கும் கீழே இறங்கினால் பெல்ட்டையும் ஆல்டர்னேட்டரையும் பார்க்க வேண்டும், அதற்கப்புறம்தான் ஸ்டீரியோ. இது சரியாக இருந்தால் மேலே போகலாம்.

வால்யூம் கூட்டினால் அணைவது ஏன்?

செட்டுக்கு வருகிற கரண்ட் இரண்டு வழியில் வருகிறது. மஞ்சள் ஒயரில் நேரே பேட்டரி, சிவப்பில் சாவி திருப்பினால் வருகிற ஏசிசி. மஞ்சள்தான் சுமை தூக்குகிற ஒயர். சிவப்பு வெறும் ‘எழுந்திரு’ என்று சொல்கிற ஒயர். திரும்பிப் போகிற வழி கறுப்பு, அதாவது எர்த். பேஸ் அடிக்கும்போது செட் சட்டென்று ஏழெட்டு ஆம்பியர் இழுக்கும். வழியில் எங்காவது ஒரு மோசமான ஜாயின்ட் இருந்தால் வோல்டேஜ் அங்கேயே செலவாகிவிடும். செட்டுக்குப் போய்ச் சேருவது 10 வோல்ட்டை ஒட்டி இறங்கியதும் உள்ளே இருக்கிற கம்ப்யூட்டர் அணைந்து மறுபடி எழும். நீங்கள் பார்ப்பது அதைத்தான்.

அளக்கும் விதம் இது. மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வையுங்கள். செட்டைக் கழற்றாமல் டேஷிலிருந்து இரண்டு அங்குலம் முன்னால் இழுத்து, இரும்பு உடம்பு தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். நீள ஒயரின் ஒரு முனையை பேட்டரியின் மைனஸ் முளையிலேயே கடிக்க விடுங்கள். கிளாம்பில் வேண்டாம், ஈய முளையில். மறுமுனையை மீட்டரின் கறுப்புக் காலோடு சேர்த்து, சிவப்புக் காலை செட்டின் இரும்பு உடம்பில் வையுங்கள். பாட்டு இல்லாதபோது மீட்டர் 0.02, 0.03 என்று காட்டும். இப்போது பேஸ் உள்ள பாட்டைப் போட்டு வால்யூமை ஏற்றுங்கள். 0.1-க்குள் நின்றால் எர்த் நல்ல எர்த். ஒவ்வொரு அடிக்கும் 0.5, 0.8 என்று துள்ளினால் உங்கள் எதிரி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். டேஷின் உள்ளே கை விட்டு கறுப்பு ஒயரைத் தடவிக்கொண்டே போனால், பெரும்பாலும் பெயின்ட் அடித்த ஏதோ ஒரு பிராக்கெட்டில், ஒரு சின்னத் தகர ஸ்க்ரூவின் கீழே மாட்டியிருக்கும். அந்த ஸ்க்ரூவை விரலால் அழுத்திப் பாருங்கள், மீட்டரில் எண் இறங்கும்.

அதே மாதிரி மஞ்சளுக்கும் அளக்கலாம். நீள ஒயரை பேட்டரி பிளஸ்ஸில் மாட்டி, மற்ற காலை செட்டின் பின்னால் மஞ்சள் நுழைகிற இடத்தில் வைத்தால், அந்த வழியில் தொலைகிற வோல்டேஜ் மட்டும் தெரியும். சத்தமாக ஓடும்போது 0.3-க்குள் இருக்க வேண்டும். கிளிப் போட்ட பிளஸ் ஒயர் எங்கும் பாடியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒரு 5 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டுக்கொண்டால் நிம்மதி. இதில் ஒரு வோல்ட் காணாமல் போகிறது என்றால், மஞ்சளையும் சிவப்பையும் சேர்த்து முறுக்கி சிகரெட் லைட்டர் ஒயரில் தட்டியிருக்கிறார்கள் என்று நினைக்கலாம். அந்த வழக்கம் நிறையவே உண்டு.

இந்த அளவுகள் இரண்டும் சரியாக இருந்தும் செட் அணைகிறது என்றால் மூன்றாவது காரணம் ஒன்று இருக்கிறது, அது உங்கள் பின் இடது கதவு. இன்றைய செட்டுகளில் ஸ்பீக்கரின் பிளஸ், மைனஸ் இரண்டுமே உயிருள்ள ஒயர்கள். செட் ஓடும்போது எதைப் பாடிக்கு அளந்தாலும் 6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும். இந்த மைனஸ் ஒயர் பாடியில் பட்டால் செட் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். நாள் பட்டால் உள்ளே இருக்கிற ஆம்ப் ஐசி எரியும். அதனால்தான் இரண்டு ஸ்பீக்கரின் மைனஸை ஒன்றாகச் சேர்ப்பதும், மைனஸைப் பாடியில் கொடுப்பதும் கூடவே கூடாது. அந்தக் காலத்து டேப் டெக்குகளில் சிலது அப்படித்தான் இருந்தன. அந்தப் பழக்கத்தில் இன்றைக்கும் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

செட்டின் பின்னால் ஒயர்களைச் சேர்க்கிற கப்ளரைப் பிடுங்கிவிட்டு, பின் இடது ஜோடியை ஓம்ஸில் அளந்து பாருங்கள். 4 ஓம் ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டும். அதுதான் சரி, 4 காட்டவில்லையே என்று ஸ்பீக்கரை மாற்ற வேண்டாம். இப்போது மீட்டரில் கண்ணை வைத்துக்கொண்டு வேறு யாரையாவது கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். எண் குதித்தாலோ, ஒரேயடியாகத் திறந்த சர்க்யூட் என்று காட்டினாலோ, கதவுக்கும் தூணுக்கும் நடுவில் உள்ள ரப்பர் பெல்லோஸுக்குள் ஒயர் முறிந்திருக்கிறது. பிறகு ஒரு காலை ஜோடியில், மறுகாலைப் பாடியில் வைத்து அளங்கள். எந்த எண்ணும் வரக்கூடாது. வந்தால் எங்கோ ஓரிடத்தில் உரிந்து இரும்பைத் தொடுகிறது.

நாலு நாளில் பேட்டரி இறங்குவது

இதைக் கணக்குப் போட்டே கண்டுபிடிக்கலாம். உங்கள் மாதிரி சின்னக் காரில் பேட்டரி 35 ஆம்பியர் அவர். வண்டி பூட்டி நிற்கும்போது 50 மில்லி ஆம்பியர் வரை போவது சகஜம், அந்த வேகத்தில் இரண்டு மூன்று வாரம் தாங்கும். நாலு நாளில் செல்ஃப் போகிறது என்றால் 300 மில்லி ஆம்பியராவது ஒழுகுகிறது: 0.3 பெருக்கல் 24 என்றால் நாளைக்கு 7.2, நாலு நாளைக்கு 28.8 ஆம்பியர் அவர். 35-இல் அதைக் கழித்தால் என்ன மிஞ்சும், பாருங்கள்.

எது குடிக்கிறது என்று பார்க்க, பானெட்டைத் திறந்து வைத்து, அதன் லாக்கை ஒரு ஸ்க்ரூ டிரைவரால் தள்ளி மூடினாற்போல ஆக்குங்கள். எல்லாக் கதவையும் பூட்டுங்கள். மைனஸ் கிளாம்பைக் கழற்றி, முளைக்கும் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் துளையில் சேருங்கள். சேர்த்தவுடன் காட்டுகிற எண்ணை நம்ப வேண்டாம், வண்டி தூங்குவதற்கு அரை மணி நேரம் கொடுங்கள். மீட்டர் நடுவில் இருக்கும்போது சாவியைப் போட்டு செல்ஃப் அடித்தால் மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும், ஞாபகம் இருக்கட்டும். பிறகு ஸ்டீரியோ ஃப்யூஸைப் பிடுங்குங்கள், எண் விழுகிறதா பாருங்கள். விழவில்லை என்றால் ஆம்ப்பின் பெரிய ஃப்யூஸ். அதற்கும் விழாவிட்டால் குற்றவாளி ஸ்டீரியோ இல்லை, வண்டியின் ஃப்யூஸ் பெட்டியில் ஒவ்வொன்றாகப் போக வேண்டும்.

செட்டின் ஃப்யூஸிலோ ஆம்ப்பின் ஃப்யூஸிலோ விழுந்தால் காரணம் மூன்று. சிவப்பையும் மஞ்சளையும் சேர்த்து நேரே பேட்டரி லைனில் கொடுத்திருப்பார்கள், சாவி எடுத்தாலும் செட் முழுதாக அணையாது. இல்லாவிட்டால் ஆம்ப்பை எழுப்புகிற ரிமோட் ஒயரை எப்போதும் கரண்ட் இருக்கிற ஒயரில் தட்டியிருப்பார்கள், ஆம்ப் ராப்பகலாக விழித்திருக்கும். சாவி எடுத்து சில மணி நேரம் கழித்து ஆம்ப்பின் மேல் கை வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பாக இருந்தால் இதுதான். மூன்றாவது, ஆண்ட்ராய்டு செட்டுகளில் சீக்கிரம் திறப்பதற்காக இருக்கிற ஸ்லீப் வசதி. செட்டிங்கில் போய், சாவி எடுத்தவுடன் முழுதாக அணையும்படி வைத்துவிடுங்கள். திறக்க அரை நிமிடம் ஆகும், பேட்டரி பிழைக்கும்.

கொசு இரைச்சல்

இஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் இரைச்சல் ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. ஆனால் ஆல்டர்னேட்டர் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. செட்டின் எர்த்தும் ஆம்ப்பின் எர்த்தும் ஒரே மட்டத்தில் இல்லை, அந்த வித்தியாசம், செட்டிலிருந்து ஆம்ப்புக்குப் பாட்டைக் கொண்டுபோகிற ஆர்சிஏ ஒயரின் வழியாக ஓடுகிறது, ஸ்பீக்கர் அதைப் பாடுகிறது. இதற்கு ஃபில்டர் என்று ஒரு சின்னப் பெட்டியைக் கடையில் தருவார்கள். வாங்க வேண்டாம், காரணம் அப்படியே இருக்க, பேஸ் மட்டும் குறையும்.

இஞ்சினை ஓடவிட்டு, செட்டையும் ஆம்ப்பையும் அணைத்து, ஆம்ப் முனையில் ஆர்சிஏக்களைப் பிடுங்கிவிட்டு, செட்டையும் ஆம்ப்பையும் மட்டும் மறுபடி ஆன் செய்யுங்கள். அப்போதும் இரைச்சல் வந்தால் ஆம்ப்பின் எர்த் அல்லது ஆம்ப். நின்றுவிட்டால் முன்பக்கம்தான். அப்போது ஒரு செல்போனை ஆர்சிஏ ஒயர் வழியாக நேரே ஆம்ப்பில் கொடுத்துப் பாருங்கள், போன் சார்ஜரில் இருக்கக்கூடாது. சுத்தமாகப் பாடினால் ஆம்ப்பை விட்டுவிடலாம்.

மிச்சம் செட். செட்டின் பின்னால் ஆர்சிஏ குழியின் வெளி வளையத்துக்கும் செட்டின் இரும்பு உடம்புக்கும் நடுவில் ஒரு துண்டு ஒயரைத் தொட்டுப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று செத்தால், நான் தொடக்கத்தில் சொன்ன அந்தச் செம்புக் கோடு எரிந்திருக்கிறது. செட் அணைந்திருக்கும்போது ஓம்ஸில் அளந்தால் அங்கே 1 ஓமுக்குள் காட்ட வேண்டும், எரிந்திருந்தால் பத்து இருபது என்று காட்டும், அல்லது ஒன்றுமே காட்டாது. ஆம்ப்பின் எர்த் கழன்று கிடக்கும்போது கரண்ட் கொடுத்தால், ஆம்ப் இழுக்கிற அத்தனையும் ஆர்சிஏவின் வலை வழியாகத் திரும்பி செட்டுக்குள் நுழைந்து இந்தக் கோட்டை எரித்துவிடும். ஒரு நல்ல எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக் செட்டைத் திறந்து ஒரு பிட் ஒயரை ஈயம் வைத்துத் தந்துவிடுவார். அதற்காகத்தான் செட்டையே மாற்றச் சொல்கிறார்கள் என்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது.

இனி இழுக்கிற வேலை

வாங்க வேண்டியதைக் கணக்கோடு சொல்கிறேன். உங்கள் ஆம்ப்பில் முன் கதவுகளுக்கு 50 வாட் வீதம் இரண்டு சேனல், மற்ற இரண்டையும் சேர்த்து சப்புக்கு 150 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 250 வாட். ஏபி வகை ஆம்ப் வாங்குகிற கரண்ட்டில் 60 சதவீதத்தைத்தான் சத்தமாக்கும், மீதி சூடு. 250-ஐ 0.6-ஆல் வகுத்து, 13.8-ஆல் வகுத்தால் 30 ஆம்பியர். இதற்கு 16 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர் 5 மீட்டர் பிளஸ்ஸுக்கு, அதே கனத்தில் அரை மீட்டர் எர்த்துக்கு. 40 ஆம்பியர் ஃப்யூஸ், மூடி உள்ள ஹோல்டரோடு.

ஒயர் வாங்கும்போது முனையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். வெளியே செம்பு நிறமும் உள்ளே வெள்ளி நிறமும் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். ‘ஆம்ப் கிட்’ என்று பாக்கெட்டில் வருவதில் நிறைய இதுதான். செம்பின் முக்கால் பங்கு சக்திகூட அதற்கு இல்லை. 8 கேஜ் அலுமினிய ஒயர் 5 மீட்டரில் 30 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட் தொலையும், 16 ஸ்கொயர் எம்எம் செம்பில் தொலைவது 0.16 வோல்ட். அதைவிட, உவரிக் கடற்காற்று குடிக்கிற உங்கள் ஊரில் அந்த அலுமினியம் இரண்டு மழைக்காலம் தாண்டாது, டெர்மினலுக்குள் வெள்ளைப் பொடியாக நிற்கும்.

செட்டின் மஞ்சளுக்கும் கறுப்புக்கும் 2.5 ஸ்கொயர் எம்எம், ஆளுக்கு 3 மீட்டர். ஸ்பீக்கருக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் இரட்டை ஒயர்: ஆம்ப்பிலிருந்து முன் கதவுக்கு 5 மீட்டர் வீதம், செட்டிலிருந்து பின் கதவுக்கும் 5 மீட்டர் வீதம், சப்புக்கு ஒரு மீட்டர். ரிமோட்டுக்கு 1 ஸ்கொயர் எம்எம் 5 மீட்டர். ஆர்சிஏ 5 மீட்டர் ஜோடி இரண்டு. வீட்டு வயரிங் ஒயரைப் போட வேண்டாம், அதில் இழை தடிப்பு, நம் ரோட்டு அதிர்வில் முறியும். ஆட்டோ ஒயர் என்று கேட்டால் மெல்லிய இழையில் தருவார்கள். இவற்றோடு 8 மில்லி துளை உள்ள ரிங் டெர்மினல், கிரிம்ப் ஸ்லீவ் (ஒயர் முனைகளை நுழைத்து, நசுக்கிச் சேர்க்கிற சின்னக் குழல்), சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் மூன்று அளவில், துணி டேப், நெளி பைப்.

பிவிசி டேப்பை மட்டும் வாங்காதீர்கள். பல்லால் உரித்து, இரண்டு முனையை முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவதுதான் நம் பக்கத்து ஸ்டீரியோ வேலையில் பாதிக் கோளாறுக்குக் காரணம். அக்னி நட்சத்திரத்தில் பூட்டி வெயிலில் நிற்கிற காரின் டேஷ்போர்டு 70 டிகிரி வரை சுடும். அந்தச் சூட்டில் டேப்பின் பசை உருகி ஒழுகி, சுற்று தானாக வழுக்கிக் கழன்றுவிடும். பழைய டேப்பைத் தொட்டுப் பாருங்கள், விரலில் கறுப்புப் பாகு மாதிரி ஒட்டும், உள்ளே செம்பு பச்சையாகக் களிம்பேறியிருக்கும். பச்சை கண்ட ஒயரை, பளபளவென்று செம்பு தெரிகிற வரை பின்னால் வெட்டிக்கொண்டே போக வேண்டும். களிம்பின் மேல் ஈயமும் பற்றாது, கிரிம்ப் போட்டாலும் கரண்ட் சரியாக ஓடாது.

ஈயம் வைப்பதா, கிரிம்ப் அடிப்பதா என்று சண்டையே உண்டு. ஆடுகிற இடத்தில் கிரிம்ப்பே நல்லது. ஈயம் ஒயருக்குள் ஏறிக் கம்பி மாதிரி விறைத்துவிடும், விறைப்பு முடிகிற இடத்தில் முறியும். கிரிம்ப் அடித்தபின் இரண்டு கையாலும் பலமாக இழுத்துப் பாருங்கள். வராவிட்டால் நல்ல கிரிம்ப், வந்தால் இப்போதே வந்தது நல்லது.

வேலை தொடங்கும்போது முதலில் பேட்டரி மைனஸைக் கழற்றி, ஐந்து நிமிடம் விடுங்கள். டேஷுக்குள் மஞ்சள் உறை போட்ட ஒயரோ மஞ்சள் கப்ளரோ கண்டால் ஏர்பேக் என்று எண்ணித் தொடாமல் விடுங்கள். அதில் மீட்டரையும் வைக்காதீர்கள். முன் தூணில் கர்ட்டன் ஏர்பேக் உள்ள வண்டியில் ட்வீட்டர் ஒயரை அதன் முன்னால் குறுக்கே விடக்கூடாது.

பிளஸ் ஒயர் பேட்டரியிலிருந்து 45 செமீக்குள் ஃப்யூஸைச் சந்திக்க வேண்டும். அந்த ஃப்யூஸ் ஆம்ப்புக்காக அல்ல, ஒயருக்காக. விபத்தில் தகரம் நசுங்கி ஒயரை அறுத்தால் வண்டி எரியாமல் காப்பது அதுதான். பானெட்டிலிருந்து உள்ளே நுழைய, ஏற்கெனவே ஒயர் போகிற ரப்பர் புஷ்ஷிலேயே வழி பாருங்கள். வெறும் துளையில் இழுத்தால் தகர விளிம்பு ஆறு மாதத்தில் உறையைத் தின்றுவிடும். பிளஸ் ஒரு பக்கக் கதவு ஓரத்தில் போனால், ஆர்சிஏவும் ரிமோட்டும் மறுபக்கத்தில் போகட்டும். குறுக்கே சந்திக்க வேண்டி வந்தால் செங்குத்தாகக் கடக்க விடுங்கள். பெடலின் பக்கம் எந்த ஒயரும் தொங்கக்கூடாது.

ஆம்ப்பின் எர்த்துக்கு வருகிறேன். இதில்தான் அவசரப்படக் கூடாது. டிக்கியில் பாடித் தகரம் தடிப்பாக உள்ள இடத்தில், பழைய ஒரு ரூபாய் அகலத்துக்குப் பெயின்டை எமரி தாளால் தேயுங்கள், வெள்ளைத் தகரம் மின்ன வேண்டும். 8 மில்லி போல்ட், ரிங் டெர்மினல், பல் வைத்த வாசர், பின்பக்கம் நட்டு. இறுக்கியபின் மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவி, சுற்றிலும் பெயின்ட் தொட்டுவிடுங்கள். கடலோரக் காற்றில் இந்தத் தடவல் இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் துரு ஏறி, அந்தக் கொசு திரும்பி வரும். சீட் பெல்ட் போல்ட்டில் எர்த் கொடுக்காதீர்கள், அது உயிர்காக்கிற போல்ட், அதன் இறுக்கத்தைக் கலைக்கக்கூடாது. துளை போடுவதற்கு முன் வண்டியின் அடியில் படுத்துப் பாருங்கள். பின் சீட்டுக்குக் கீழேதான் பெரும்பாலான சின்னக் கார்களில் பெட்ரோல் டேங்க் இருக்கிறது.

செட்டின் பின்பக்கம் சேர்க்கும்போது வண்டியின் ஒயர் நிறத்தையும் செட்டின் ஒயர் நிறத்தையும் பார்த்து, மஞ்சளுக்கு மஞ்சள் என்று சேர்த்துவிடாதீர்கள். செட்டில் மஞ்சள் பேட்டரி, சிவப்பு ஏசிசி, கறுப்பு எர்த், வெள்ளை முன் இடது, சாம்பல் முன் வலது, பச்சை பின் இடது, ஊதா பின் வலது, கறுப்புக் கோடு போட்டது மைனஸ். கம்பெனி ஒயரில் நிறம் வேறு மாதிரி. கம்பெனி கப்ளர் வெட்டுப்படாமல் இருந்தால் அந்த மாடலுக்கான அடாப்டர் கப்ளர் வாங்குவதே மேல். வெட்டியிருந்தால் அளந்துதான் கண்டுபிடிக்க வேண்டும். இந்த அளவுக்கு மட்டும் பேட்டரி மைனஸைத் தற்காலிகமாக மாட்டிக்கொள்ளுங்கள். சாவி இல்லாமலே 12 வோல்ட் இருப்பது பேட்டரி, சாவி முதல் கட்டத்தில் வந்து எடுத்தால் போவது ஏசிசி, பார்க்கிங் லைட் போட்டால் வருவது டிம்மர், அதாவது ராத்திரியில் செட்டின் வெளிச்சத்தைக் குறைக்கிற ஒயர். ஸ்பீக்கர் ஜோடியைப் பென்சில் செல்லால் ஒரு நொடி தொட்டால் எந்தக் கதவு ‘டப்’ என்கிறதோ அது. கூம்பு வெளியே தள்ளினால் செல்லின் பிளஸ் பட்ட ஒயர்தான் பிளஸ். ஒரு கதவு மட்டும் மாறிப்போனால் சத்தம் இருக்கும், பேஸ் மட்டும் எங்கேயோ போய்விடும். சாவி எடுக்கும்போதெல்லாம் நேரமும் ஸ்டேஷனும் அழிந்தால் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறியிருக்கின்றன.

நீல ஒயர் இரண்டு இருக்கலாம். வெறும் நீலம் ஆன்டெனாவுக்கு, வெள்ளைக் கோடு போட்ட நீலம் ஆம்ப்பின் ரிமோட்டுக்கு. சில செட்டில் வெறும் நீலத்தில் ரேடியோ போட்டால் மட்டும்தான் கரண்ட் வரும். அதில் ஆம்ப்பை மாட்டினால் புளூடூத்துக்கு மாறியவுடன் ஆம்ப் தூங்கிவிடும். கூரை ஆன்டெனாவில் உள்ளே ஒரு சின்ன பூஸ்டர் உள்ள வண்டியில் இந்த நீலத்தை இணைக்காவிட்டால், பாளையங்கோட்டையில் கணீரென்று கேட்கிற சூரியன் 93.5 நாங்குநேரி தாண்டுவதற்குள் கரகரத்துப் போகும், ரேடியோ கெட்டுவிட்டது என்று நினைப்போம்.

பின் இடது கதவுக்கு ஒயரை பெல்லோஸின் வழியாகவே முழு நீளத்துக்கு மாற்றுங்கள், முறிந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் அங்கேயே மறுபடி முறியும். ஸ்பீக்கர் டெர்மினலுக்கு வருமுன் ஒயரைக் கொஞ்சம் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள், குற்றாலச் சாரலில் நனைந்த கண்ணாடியிலிருந்து இறங்குகிற தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். கதவின் உள் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் திரும்ப ஒட்டுங்கள், கதவின் அடியில் உள்ள தண்ணீர்த் துளையில் தேரி மண் அடைத்திருந்தால் குத்தி எடுங்கள். பிசான அறுப்பு முடிந்து வயல் எலி வீட்டுப் பக்கம் ஒதுங்குகிற மாதங்களில் பானெட்டுக்குள் போகிற ஒயரை நெளி பைப்பில் முழுதாக மூடி வையுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மாட்டுகிற வரிசை: ஆம்ப்பின் எர்த் முதலில், பிறகு பிளஸ், ரிமோட், ஸ்பீக்கர், கடைசியில் ஆர்சிஏ, அதற்கப்புறம் பேட்டரி மைனஸ். பெரிய ஃப்யூஸைச் சொருகுவது எல்லாவற்றுக்கும் பிறகு. ஃப்யூஸ் ஒருமுறை போனால் காரணத்தைத் தேடுங்கள், 15 இருந்த இடத்தில் 30 போடாதீர்கள், சிகரெட் பாக்கெட் வெள்ளித் தாளைச் சுற்றாதீர்கள். ஆம்ப்பில் சிவப்பு விளக்கு எரிந்தால் ஆர்சிஏவையும் ஸ்பீக்கர்களையும் கழற்றிப் பாருங்கள், அப்போதும் எரிந்தால் மட்டுமே ஆம்ப்பைச் சந்தேகப்படலாம். சேனல் இரண்டைச் சேர்த்து ஓட்டும்போது சப் 4 ஓமாக இருக்க வேண்டும், 2 ஓம் சப்பைக் கொடுத்தால் அதே சிவப்பு விளக்குதான்.

ஆம்ப்பில் கெயின் என்பது வால்யூம் இல்லை, செட்டிலிருந்து வருகிற சிக்னலுக்கு ஆம்ப்பைப் பொருத்துகிற திருகு. ஈக்வலைசரைச் சமமாக வைத்து, ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றி, செட்டில் 1000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை முக்கால் வால்யூமில் ஓடவிடுங்கள். மீட்டரை ஏசி வோல்ட்டில் ஸ்பீக்கர் முளைகளில் வைத்து, கெயினை மெல்ல ஏற்றுங்கள். 50 வாட், 4 ஓமுக்கு 14.1 வோல்ட் வந்ததும் நிறுத்துங்கள். வாட்டையும் ஓமையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் எந்த ஆம்ப்புக்கும் இந்த எண் கிடைக்கும். மீட்டர் மலிவானது என்றால் 50 ஹெர்ட்ஸ் டோனை வையுங்கள், அதில்தான் அது சரியாகக் காட்டும். ஆனால் அதற்கு முன் ஆம்ப்பின் ஹைபாஸை, அதாவது பேஸை வெட்டுகிற வடிகட்டியை, அணைக்க வேண்டும். பிறகு கதவு ஸ்பீக்கர்களுக்கு ஹைபாஸ் 80 ஹெர்ட்ஸ், சப்புக்கு லோபாஸ் 80 ஹெர்ட்ஸ்.

பத்து நாள் ஓட்டியபின் ஒருமுறை, அரை மணி நேரம் சத்தமாகப் பாடவிட்டு பானெட்டைத் திறந்து ஃப்யூஸ் ஹோல்டரைத் தொட்டுப் பாருங்கள். ஒயரை விட ஹோல்டர் சூடாக இருந்தால் அதன் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது, ஃப்யூஸை எடுத்துவிட்டு இறுக்குங்கள். எர்த் போல்ட்டையும் அன்றைக்கே ஒரு ஸ்பானர் வைத்துப் பார்த்துவிடுங்கள். எர்த் அளவும் மஞ்சள் ஒயரில் தொலைகிற அளவும் என்ன வந்தது என்று இங்கேயே எழுதினால், மிச்சம் இருக்கிற கோளாறையும் பார்த்துச் சொல்கிறேன்.